தண்ணீர் ஊற்றாமல் மூடிய குழி

அக்கா,

கூடத்தில் ஈரச் சிமெண்ட் வாசம் இன்னும் போகவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்தேன், ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டேன், சாம்பிராணிகூடப் போட்டுப் பார்த்தேன். சோறு பரிமாறும்போதும் அந்த வாசம், துணி மடிக்கும்போதும் அந்த வாசம். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோகிறது. நீ இருந்திருந்தால், "இன்னாடி, குட்டி போட்ட பூனையாட்டம் அலைஞ்சிகினு கீற? ஒரு எடத்துல குந்து" என்று அதட்டியிருப்பாய். சொல்லிவிட்டு நீ ஏணியைத் தேடிப் போயிருப்பாய். இந்த வீட்டில் ஒரு இடத்தில் குந்தாத முதல் ஆள் நீதான்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கூடத்தில் நாம் இரண்டு பேரும் போட்ட தரையைக் கடப்பாரையால் உடைத்துவிட்டேன். கத்தாதே. முழுதும் கேள்.

நான் இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்த புதிதில் ஓர் அமாவாசை. ஆரணியில் அமாவாசைக்குத் தறி ஓடாது என்பது எனக்குத் தெரியும், எங்கள் தெருவிலும் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு மூத்த மருமகளான நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாப்பிட்டு, கடைத்தெருப் பக்கம் போய்விட்டார்கள். பின்கட்டுக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. "தோ வரேன்" என்று சொன்ன பிளம்பர் முந்தைய வாரத்திலிருந்து வந்துகொண்டே இருந்தார். நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தறிச் சாமான்களோடு கிடந்த ஸ்பானரை எடுத்தாய். "அவன் வர்றதுக்குள்ள ஏரியே வத்திடும். வாடி, நாமளே பாத்துடலாம்" என்றாய். பார்த்தோம். மேல்தொட்டி வால்வை மூட வேண்டும் என்பதுதான் நம் இருவருக்கும் தோன்றவில்லை. கழற்றிய வேகத்தில் தண்ணீர் உன் முகத்தில் அறைந்தது. கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, "ஓடுறீ! மேல போய் மூடு! ஜல்தி!" என்று கத்தினாய். கத்தும்போதே சிரித்தாய். மாமியார் வீடு என்ற பயம் அன்றைக்கு எனக்கு விட்டுப்போயிற்று.

அதற்குப் பிறகு அமாவாசை வந்தால் நமக்கு ஏதாவது ஒரு வேலை இருந்தது. கதவுக் கீல், ஓட்டுப் பிளவு, சுவிட்ச் பெட்டி, கழிவுநீர்க் குழாய். சுவிட்ச் பெட்டியில் உனக்கு ஷாக் அடித்தபோது என் வீட்டுக்காரர், உன் கொழுந்தனார், "அண்ணி, கரண்டுக்கு ஒண்ணும் ஆவலையே?" என்று கேட்டார். நீ ஸ்க்ரூ டிரைவரை எடுத்து எறிந்தாய். நீ குள்ளம் என்பதால் இந்த வீட்டில் ஆணிகள் எல்லாம் உன் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றன. நீ மாட்டிய கண்ணாடியில் இன்றைக்கும் எனக்கு என் கழுத்துதான் தெரிகிறது. கேட்டால், "மூஞ்சியப் பாத்து இன்னா பண்ணப் போற? பொட்டு நேரா கீதான்னு நான் சொல்றேன்" என்பாய். இப்போது என் பொட்டு நேராக இருக்கிறதா என்று யாரும் சொல்வதில்லை.

கூடத்துக் குழிக்கு வருகிறேன்.

மாமாவுக்கு, உன் வீட்டுக்காரருக்கு, முட்டி தேய்ந்து, தறியின் மிதியை மிதிக்கக் கால் ஒத்துழைக்காமல் போனபோது தறியைப் பிரித்து முள்ளிப்பட்டில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். யாரும் அழவில்லை. கூடத்தில் நான்கு பேர் படுக்க இடம் கிடைத்ததே என்றுதான் எனக்கு இருந்தது. ஆனால் குழி அப்படியே கிடந்தது. மாமா அவ்வளவு காலம் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு நெய்த குழி. மேலே பலகை போட்டு மூடியிருந்தோம். உன் மகன் பாலுவுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியதும், "வர்றவங்க பலகை மேலயா குந்துவாங்க? மூடிடலாம்டி" என்றாய். பக்கத்துத் தெருவில் இடித்த வீட்டின் செங்கல் துண்டு, மண், ஓட்டை ஓடு, நம் வீட்டுத் தேங்காய்ச் சிரட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொட்டி, உலக்கையால் குத்தினோம். தண்ணீர் விட்டுக் குத்தினால் நன்றாக இறங்குமாமே என்று எதிர் வீட்டில் சொன்னதை நான் உன்னிடம் சொன்னேன். நீ உலக்கையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாய்.

"தறிக்குழியில தண்ணியா? வாயக் கழுவுடி."

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஒரு ஐப்பசி மழையில் தரைக்கு அடியிலிருந்து ஊற்று கிளம்பிக் குழியில் ஏறியது நினைவிருக்கிறதா? தறியில் கல்யாணப் புடவை பாதி நெய்தபடி இருந்தது. ஈரம் பட்டால் தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் அத்தனையும் போயிற்று. நீ குழிக்குள் இறங்கி மொண்டு கொடுக்க, நான் வாங்கி வாசலில் ஊற்ற, ஊற்ற ஊற்றத் தண்ணீர் ஏறியது. மாமா பாவின்மேல் தன் வேட்டியை அவிழ்த்துப் போர்த்தி, துண்டோடு நின்றார். விடியும்வரை நம் இரண்டு பேர் கையும் நிற்கவில்லை. அந்தப் புடவை தப்பியது. நெசவு வீட்டில் பிறந்து நெசவு வீட்டில் வாழ்க்கைப்பட்ட நமக்குக் குழியிலிருந்து தண்ணீரை வெளியே ஊற்றத்தான் தெரியும். உள்ளே ஊற்றுவது என்றால் மனம் எப்படி வரும்?

அதனால் காய்ந்த மண்ணையே குத்தி, மேலே கலவை போட்டு, அடுத்த அமாவாசைக்கு டைல்ஸ் ஒட்டினோம். நாமே ஒட்டியது என்று வந்தவர்களிடமெல்லாம் காலால் தட்டிக் காட்டினாய். பாலுவுக்குப் பெண் கொடுத்த சம்பந்தி வீட்டார் அதன்மேல்தான் உட்கார்ந்து தட்டு மாற்றினார்கள்.

மாமா மட்டும் அதன்மேல் கால் வைக்கவில்லை. நாற்காலியிலிருந்து சமையலறைக்கு வர, தறி இருந்த காலத்தில் போனது போலவே சுவரோரமாகச் சுற்றித்தான் வருவார். உனக்கு அது பொறுக்காது. "ஏன், நேரா வந்தா இன்னா? கால்ல முள்ளா குத்தும்?" என்பாய். "பழகிட்ச்சி" என்பார். "நாங்க போட்ட தரைமேல நம்பிக்க இல்ல, அத்தச் சொல்லுங்க." அவர் சுவரைத் தடவிக்கொண்டே நடப்பார். காபி குடிக்க வரும்போது ஒரு சண்டை, சாப்பிட வரும்போது ஒரு சண்டை. எனக்கே பேஜாராக இருக்கும். வெறும் தரைக்காகவா இவ்வளவு என்று நினைத்திருக்கிறேன்.

நீ கண்ணை மூடிய ஐப்பசியில் தரையின் ஓர் ஓரம் லேசாக இறங்கியிருந்தது. உன் காரியத்துக்கு வந்த கூட்டம் அதன்மேல் பந்திப் பாய் போட்டுச் சாப்பிட்டது. அதற்கப்புறம் கோடையில் இன்னும் இறங்கி, பழைய தரையின் விளிம்பு படிபோலத் தூக்கிக்கொண்டு நின்றது. எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. உன் வேலையைக் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்று நானும் அதன்மேல் பாயை விரித்து மறைத்தேன்.

பத்து நாளைக்கு முன்னால் மாமா அந்த விளிம்பில் தடுக்கி விழுந்தார். நெற்றியில் தையல் போட வேண்டியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. ஆனால் விஷயம் தெரிந்ததும் பாலு சென்னையிலிருந்து போன் செய்து முடிவாகச் சொல்லிவிட்டான். "சித்தி, ஞாயித்துக்கிழம வரேன். அப்பாவ கூட்டிட்டு வந்துடறேன். இங்க லிஃப்ட் இருக்கு, தரை எல்லாம் சமமா இருக்கு. அந்த வீட்டுல இனிமே அவர் இருக்க முடியாது." அவன் சொன்னதில் தப்பில்லை. பெற்ற பிள்ளை, பயப்படத்தானே செய்வான்.

மாமா வேட்டிகளை மடித்துப் பையில் வைத்தார். மறுபடி எடுத்து அலமாரியில் வைத்தார். மறுபடி பையில். இரண்டு நாள் அதையே செய்துகொண்டிருந்துவிட்டு, நான் காய் நறுக்கும் இடத்துக்கு வந்து நின்றார். "கமலா, தரைய சரி பண்ணிட்டா அவன் ஒத்துக்குவானா?" என்றார். அந்தக் குரலில் அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. இந்த வீட்டில் நீயும் இல்லை, அவரும் இல்லை என்றால் நான் எந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு இருப்பேன்? எனக்காகவும்தான் சொல்கிறேன், அக்கா. அவர் போகக் கூடாது.

உன் கொழுந்தனார் மேஸ்திரியைக் கூப்பிடுகிறேன் என்றார். மேஸ்திரிகள் எல்லோரும் அடுத்த வாரம் என்றார்கள். புதன்கிழமை அமாவாசை. உனக்குப் படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்து, கையைக் கழுவிக்கொண்டு கடப்பாரையை எடுத்தேன். காக்கை தின்று முடித்தும் போகாமல் மதில்மேல் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. மேற்பார்வைக்கு வந்துவிட்டாயாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

டைல்ஸைப் பெயர்த்து, கலவையை உடைத்ததும் முழங்கை வரை கை உள்ளே போயிற்று. மண் பொடிப் பொடியாக, பொலபொலவென்று, நாம் கொட்டிய அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது. செங்கல் துண்டுகளுக்கு இடையில் வெறும் காற்று. சிரட்டைகளை ஒட்டி எலி வளை. இத்தனை வருஷம் நாம் காற்றின்மேல் பாய் விரித்துப் படுத்திருக்கிறோம். கோபம் வந்தது. உன்மேல்தான். 'நான் அன்றைக்கே சொன்னேனே' என்று திரும்பி உன்னிடம் சண்டை போட வாயெடுத்தேன். அப்புறம்தான் நீ இல்லை என்பது உறைத்தது. அதில் இன்னும் கோபம் வந்தது. கடப்பாரையைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டு, அள்ள ஆரம்பித்தேன்.

செல்போனில் இந்த வேலையைக் காட்டும் வீடியோக்கள் ஒன்றா இரண்டா. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். கொஞ்சம் மண் போடு, தண்ணீர் விடு, அது குடிக்கட்டும், திமிசுக்கட்டையால் குத்து, மறுபடி மண் போடு. சிரட்டையையும் குப்பையையும் பொறுக்கி எறிந்து, அடியில் மண்ணைப் பரப்பி, தெருவில் கட்டட வேலை நடக்கும் வீட்டிலிருந்து திமிசுக்கட்டையும் வாங்கிவந்துவிட்டேன். வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து விளிம்பில் வைத்தேன். தூக்கினேன். கை சாயவில்லை, அக்கா. நம்பினால் நம்பு. தறி இல்லை, பாவு இல்லை, வெறும் மண். ஆனால் அந்தக் குழிக்குள் தண்ணீரை ஊற்ற எனக்குக் கை வரவில்லை. வாளியைத் தூக்குவதும் வைப்பதுமாக நின்றேன்.

நாற்காலியில் இருந்த மாமா, "இன்னா, ஊத்தலியா?" என்றார்.

"எப்டி மாமா ஊத்தறது? அக்கா வாயக் கழுவச் சொல்லுவா."

அவர் மெல்ல எழுந்து சுவரோரமாக வந்தார். வேண்டாம் மாமா, முட்டி என்று நான் சொல்லச் சொல்ல, என் தோளைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் குழிக்குள் தொங்கவிட்டார். நெய்யும்போது எந்த இடத்தில் உட்காருவாரோ அதே இடம். கையை நீட்டினார். சொம்பில் மொண்டு கொடுத்தேன். அவர் ஊற்றினார். தண்ணீர் ஒரு நொடி நின்று, புஸ்ஸென்று உள்ளே போயிற்று. "பாரேன், இன்னா குடி குடிக்குது" என்றார். மறுபடி கையை நீட்டினார். முன்னொரு நாள் நீ கீழேயிருந்து மேலே கொடுத்தாய், நான் வாங்கி ஊற்றினேன். இப்போது நான் மேலேயிருந்து கொடுக்க, அவர் கீழே ஊற்றினார். காலெல்லாம் சேறு. அவருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

அப்போதுதான் கேட்டேன். "எப்பவும் சுவத்தோரமாதானே மாமா போவீங்க? விழுந்த அன்னிக்கு ஏன் குறுக்கால நடந்தீங்க?"

சொம்பைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரையும் ஊற்றினார்.

"அவ சொல்லிகினே இருந்தா இல்ல, நேரா வாங்க, நேரா வாங்கன்னு. அவ இருக்கசொல்ல நான் கேக்கல. சரி, ஒரு வாட்டி நேரா நடந்து பாக்கலாம்னு தோணிச்சி. அவ்ளோதான்."

"இன்னொரு சொம்பு குடு" என்றார். கொடுத்தேன்.

வியாழன் முழுக்க மண் போட்டுக் குத்தினோம். நான் குத்த, அவர் நாற்காலியில் இருந்தபடி, "அந்த மூல, அந்த மூல" என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை ஜல்லிக் கலவை போட்டேன். சனிக்கிழமை டைல்ஸ். நீ வாங்கிய பழைய டிசைன் இப்போது ஆரணியில் எந்தக் கடையிலும் இல்லை. கிடைத்தது கொஞ்சம் சந்தன நிறம். அதனால் வெள்ளைக் கூடத்தின் நடுவில் குழி இருந்த இடம் மட்டும் நீளவாக்கில் தனியாகத் தெரிகிறது. ஓரத்தில் ஒரு டைல் கோணலாக வெட்டிவிட்டேன். நீ இருந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை பாலு வந்தான். செருப்பைக் கழற்றியதும் மண்டிபோட்டு, விரல் முட்டியால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டான். செல்போனைத் தரையில் வைத்து மட்டம் பார்த்தான். "மட்டம் கரெக்ட்டா இருக்கு சித்தி. மேஸ்திரி யாரு?" என்றான்.

"உங்கம்மாவோட அசிஸ்டெண்ட்" என்றேன்.

சிரித்தான். ஆனாலும் மாமாவின் பையைக் கையில் எடுத்துவிட்டான். மாமா நாற்காலியை விட்டு எழவில்லை.

"இது காயட்டும்டா" என்றார்.

"தரை காயறதுக்கும் நீ வர்றதுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"தெனம் பாக்கணும்டா. எங்கனா எறங்குதா, எங்கனா சத்தம் வருதான்னு. கமலா ஒண்டியா இன்னா பண்ணுவா?"

பாலு என்னைப் பார்த்தான். "எத்தனை நாள் ஆகும் சித்தி?"

மறுநாளே தாராளமாக மிதிக்கலாம் என்று வீடியோக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். நான் கண்ணைச் சிமிட்டாமல், "அடுத்த அமாவாச வரைக்கும் பாத்தாதான் நல்லதுபா" என்றேன். மாமா ரொம்ப அக்கறையாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் உன் பிள்ளை, புரியாமல் போகுமா? பையைக் கொண்டுபோய் அலமாரியில் அவனே வைத்தான். "சரி, அடுத்த அமாவாசைக்கு வந்து பாக்கறேன். அதுக்குள்ள பாத்ரூம்ல கைப்பிடி போட்டு வைங்க சித்தி. அதுவும் இல்லன்னா நான் ஒத்துக்க மாட்டேன்" என்றான். சரி சரி என்று தலையாட்டினேன். அவன் தெருமுனை திரும்பியதும் பாத்ரூம் சுவரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டேன். கைப்பிடிக்கு ஒரு மாதம். அதற்கப்புறம் வாசற்படி இருக்கிறது. மாடிப்படிக் கம்பி இருக்கிறது. மாமா இங்கேயே இருக்க, ஒவ்வொரு அமாவாசைக்கும் ஏதாவது ஒரு வேலை மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு இருப்புக்கொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் இருக்கிறது. அதற்காகத்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இன்று காலை காபிக்குப் பால் வைத்திருந்தேன். கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வழக்கமாகச் சுவரைத் தடவிக்கொண்டு வரும் கையின் சத்தம் கேட்கும், அது கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தபடியே நின்றேன். வெறுங்காலின் சத்தம் ஒவ்வொன்றாக, மெதுவாக, நடுக்கூடத்தைக் கடந்து நேராக வந்தது. சமையலறை வாசலில் நின்றது.

"நேராதான் வந்தேன், பாத்தியா?" என்றார்.

மாமா என்னை 'பாத்தியா' என்று கேட்பார்தான். ஆனால் இது எனக்குச் சொன்னது இல்லை, அக்கா. அந்தக் குரல் எனக்குத் தெரியும், எத்தனை வருஷம் அடுத்த அறையிலிருந்து கேட்டிருக்கிறேன். நான் திரும்பியிருந்தால் அவர் உன் முகத்துக்குப் பதிலாக என் முகத்தைப் பார்த்திருப்பார். அதனால் திரும்பவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, அப்போதும் திரும்பவில்லை. அவர் வந்த வழியே, நேராகவே, திரும்பிப் போனார்.

உனக்குச் சொன்னதை நான் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டதிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் நேராக வந்தார், அக்கா. விழவில்லை.

கமலா